தெரபிஸ்டைத் தேடும் வேலை: எங்கே தொடங்குவது, என்ன கேட்பது, எப்போது மாற்றுவது

மனம் நொந்து கிடக்கிற நேரத்தில்தான் பேச்சு வழியாக மனச்சிக்கலுக்குச் சிகிச்சை தரும் தெரபிஸ்டைத் தேடும் அலுப்பான வேலை ஒன்றும் வந்து சேர்கிறது. பலருக்குப் போன் செய்ய வேண்டும். சிலர் எடுக்கவே மாட்டார்கள். எடுத்தவர் மூன்று வாரம் கழித்து வரச் சொல்வார். அதனால் இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாள் உட்கார்ந்து பிரச்சினையை எழுதிக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் பெயர்களைச் சேருங்கள், அடுத்த நாள் ஐந்து பேருக்குச் செய்தி அனுப்புங்கள். போன் பேசும் பகுதியை மட்டும் நெருங்கிய ஒருவர் எடுத்துக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

பெரும்பாலோர் "நல்ல தெரபிஸ்ட் யார்?" என்றுதான் விசாரிக்கிறார்கள். "என் பிரச்சினைக்கு எந்தச் சிகிச்சை, அதை முறையாகக் கற்றவர் பக்கத்தில் யார்?" என்று விசாரிப்பதே பலன் தரும். ஊரே புகழும் ஒருவர் உங்கள் பிரச்சினைக்குப் பயிற்சி பெறாதவராக இருக்கலாம்.

தேடிக்கொண்டிருக்கக் கூடாத நேரம்

சில நிலைமைகளில் தெரபிஸ்டைத் தேடி நேரத்தைக் கழிக்கக் கூடாது, நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்து, எப்படி, எப்போது என்ற அளவுக்குத் திட்டமும் உருவாகியிருந்தால் அது அவசரம். இல்லாத குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பல நாள் தூங்காமலேயே சோர்வின்றித் தலைகால் புரியாத வேகத்தில் பேசிச் செலவழிப்பது, சாப்பாடும் தண்ணீரும் அறவே மறுப்பது ஆகியவையும் இதில் சேரும். பிரசவமான சில நாள்களிலோ வாரங்களிலோ தாய்க்குக் குழப்பமும் விபரீத நம்பிக்கைகளும் திடீரென வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இங்கே பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. தினமும் அதிகமாகக் குடிப்பவர் மனம் மாறி ஒரேயடியாக நிறுத்தினால், அடுத்த 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் நினைவு தடுமாறி, உடல் நடுங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். குடியை நிறுத்துவது நல்ல முடிவுதான், ஆனால் அது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கவுன்சலிங் அதற்குப் பிறகு.

அவசரப் பிரிவுக்குப் போகும்வரை அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சி மருந்து, கயிறு, ஆயுதம் என எதுவாக இருந்தாலும் கைக்கெட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துங்கள். தற்கொலை வேகம் பல நேரம் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் பொருள் கையில் கிடைக்காமல் போவதே பல உயிர்களைக் காக்கிறது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையற்றது. கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை. பலருக்கு, ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் வருகிறது.

அரைப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்

அவசரம் இல்லையென்றால் முதல் வேலை எழுதுவது. என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எது கெட்டுப்போயிருக்கிறது என்று அரைப் பக்கம் போதும். "மனசு சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "நான்கு மாதமாக அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கம் இல்லை, வேலையில் தவறு செய்கிறேன், யாருடைய போனையும் எடுப்பதில்லை" என்று எழுதினால் படித்ததுமே ஒரு நிபுணருக்குப் பாதிப் படம் கிடைத்துவிடும். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் அளவோடு எழுதுங்கள். முன்பு எடுத்த சிகிச்சை, குடும்பத்தில் யாருக்காவது இருந்த மனநோய், குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு வரி: சிகிச்சை பலித்தால் எதைத் திரும்பச் செய்ய முடியும்? "தனியாகப் பஸ்ஸில் ஏறுவேன்" என்பது மாதிரியான பதில் வேண்டும். "சந்தோஷமாக இருப்பேன்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் அளக்க முடியாது.

கூடவே இரண்டு வினாத்தாள்களை நிரப்பிப் பாருங்கள். மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7. இரண்டும் இலவசம், ஐந்து நிமிட வேலை. கடந்த 2 வாரத்தை மனதில் வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். முதலாவதில் மொத்தம் 27. அதில் 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் சற்றுக் கடுமை, 20 முதல் கடுமை. இரண்டாவதில் மொத்தம் 21, படிகள் 5, 10, 15. எதிலாவது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு நிபுணரைப் பார்ப்பது நல்லது. பி.எச்.கியூவின் ஒன்பதாவது கேள்வி சாவு குறித்தது. அதற்கு 0 அல்லாத பதில் வந்தால் மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதை நிபுணரிடம் முதலில் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்து நோயின் பெயரை நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கும் தைராய்டு குறைந்தவருக்கும் இதே எண் வரக்கூடும். இந்தத் தாளுக்குப் பின்னால் வேறொரு வேலை இருக்கிறது, தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

தைராய்டு என்றதும் ஒன்று. தெரபிக்குப் போவதற்கு முன் பொது மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தைராய்டு சுரப்பு குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும், கூடினால் பதற்றம் போலவே இருக்கும். இரத்தசோகையும் பி12 குறைபாடும் ஆளை அடித்துப்போட்டது போலச் சோர்வைத் தரும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் மனநிலையைப் புரட்டிப்போடும். சில இரத்தப் பரிசோதனைகளில் தெரிந்துவிடக்கூடிய இதைத் தவறவிட்டு, மாதக்கணக்கில் குழந்தைப் பருவத்தைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண்.

யாரிடம் எதற்கு

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதன்மேல் மனநோய்ச் சிகிச்சையில் சிறப்புப் பட்டம் பெற்றவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். நோயாளிகள் கூட்டம் அதிகம் என்பதால் பல இடங்களில் அவரிடம் பேசக் கிடைப்பது பத்து நிமிடம்தான். அதை அவருடைய அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே வேலையின் அமைப்பே அப்படி. மருத்துவ உளவியலாளர் உளவியலில் உயர்படிப்பும் நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிற்சியும் முடித்தவர். சோதனைகள் செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். மனநலச் சமூகப் பணியாளர்களில் பலர் தெரபியிலும் தேர்ந்தவர்கள். குடும்பச் சிக்கலும் வாழ்க்கை நெருக்கடியும் பின்னிக்கிடக்கும் இடத்தில் இவர்கள் கைகொடுப்பார்கள்.

குழப்பம் எல்லாம் "கவுன்சிலர்", "தெரபிஸ்ட்" என்ற பெயர்களில்தான். பல இடங்களில் இந்தப் பெயர்களைப் போட்டுக்கொள்ள யாருக்கும் சட்டத்தடை கிடையாது. பல ஆண்டு படித்தவரும் இதே பலகையை மாட்டுகிறார், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் இதே பலகையை மாட்டுகிறார். "லைஃப் கோச்" என்பதும் அப்படித்தான், நோய்ச் சிகிச்சை அதில் வராது. எனவே பலகையைப் பார்த்து நம்பாமல் நான்கைக் கேளுங்கள்: என்ன பட்டம், எங்கே படித்தது, எந்த அமைப்பில் பதிவு, பதிவு எண் என்ன. பதிவு செய்யும் அமைப்பு பெரும்பாலும் தன் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கும். பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பதிவு எண் கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் மேலே பேச வேண்டாம்.

மருந்தா பேச்சா என்று கட்சி கட்டத் தேவையில்லை. லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சுச் சிகிச்சையிலிருந்தே தொடங்கலாம். கடுமையான மனச்சோர்வுக்கு இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல். அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறு, இல்லாத குரல் கேட்பது போன்றவை வரும் மனச்சிதைவு ஆகியவற்றில் மனநல மருத்துவரும் மருந்தும் முதலில், தெரபி அதற்குத் துணை. மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்தாம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துவதுதான் அங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

பிரச்சினைக்கு ஏற்ற முறை

தேடலில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது, பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் இடமும் இதுவே.

ஓசிடியை எடுத்துக்கொள்வோம். கை கழுவிக்கொண்டே இருப்பது, கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது, வேண்டாத எண்ணம் வந்து வதைப்பது. இதற்குச் சோதித்து நிறுவப்பட்ட பேச்சுச் சிகிச்சை ஈ.ஆர்.பி. பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்து, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் இதன் தொடக்க வடிவத்தை எழுதினார். அன்றிலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. இந்தப் பயிற்சி இல்லாத அன்பான கவுன்சிலர் ஒருவர் என்ன செய்வார்? "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று ஒவ்வொரு வாரமும் தைரியம் சொல்வார். அந்தத் தைரியமே இன்னொரு சடங்காகிவிடும். அதைக் கேட்டால் ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடியும் கேட்கத் தோன்றும். நல்ல மனதோடு நோயை வளர்த்துவிடுவது இப்படித்தான். ஓசிடி இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் "ஈ.ஆர்.பி. செய்வீர்களா? செஷனுக்குள்ளேயே பயிற்சி நடக்குமா?" என்று கேட்காமல் யாரிடமும் நாள் குறிக்காதீர்கள்.

திடீரென நெஞ்சு அடைத்து, இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றும் பேனிக் அட்டாக்குக்கு, இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி (CBT). மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. பேனிக்குக்கு இதைச் செய்யும்போது மூச்சை வேகமாக இழுத்துவிடச் சொல்வார்கள், நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள், நாற்காலியில் சுழல வைப்பார்கள். படபடப்பு வந்தாலும் ஆபத்து வராது என்று உடம்புக்கே காட்டுவதற்காக. மூச்சுப்பயிற்சியும் தளர்வுப்பயிற்சியும் மட்டுமே தந்து அனுப்பினால் பாதிச் சிகிச்சைதான் கிடைத்திருக்கிறது.

விபத்து, வன்முறை, பாலியல் தாக்குதலுக்குப் பின் வரும் அதிர்ச்சிக் கோளாறுக்கு நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை, மேலே சொன்ன சிபிடியோடு உச்சரிப்பில் குழம்ப வைக்கும் எண்ணச் செயலாக்கச் சிகிச்சை (CPT), நினைவை மனதில் வைத்தபடி கண்களை இருபுறமும் அசைக்கவைக்கும் ஈ.எம்.டி.ஆர். என மூன்று வழிகள் உண்டு. எண்ணச் செயலாக்கச் சிகிச்சை வழக்கமாக 12 செஷன். நினைவை எதிர்கொள்வதில் ஒரு செஷன் 90 நிமிடம் வரை போகும். ஈ.எம்.டி.ஆர். பிரான்சீன் ஷப்பீரோ 1980களின் இறுதியில் உருவாக்கியது, இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதல் நாளே நடந்ததை முழுக்கச் சொல்லு என்று பிடுங்கி எடுப்பது இவற்றில் எதுவும் அல்ல.

மனச்சோர்வுக்கு வழி பல. சிபிடி, நாளைச் செயல்களால் நிரப்பும் செயலூக்கச் சிகிச்சை, உறவுகளை மையமாகக் கொண்ட ஐ.பி.டி. எல்லாமே உருப்படியானவை. சிபிடி 12 முதல் 20 செஷன், ஐ.பி.டி. 12 முதல் 16 என்பது வழக்கம். இங்கே எந்த முறை என்பதைவிட, முறை ஒன்றைப் பிடித்துத் தொடர்ந்து செய்பவரா என்பதுதான் முக்கியம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு சிபிடி-ஐ என்ற தனி வடிவம் இருக்கிறது. 4 முதல் 8 செஷனில் முடிந்துவிடும், மாத்திரையைவிட அதன் பலன் நீடிக்கும். தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் உணர்ச்சி கட்டுமீறுவதும் தொடர்ந்தால் உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும், உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. அதில் தனிச் செஷனோடு வாராந்தரத் திறன் வகுப்பும் சேரும், ஓராண்டு வரை ஓடும். தனிச் செஷன் மட்டும் தந்துவிட்டு "டி.பி.டி. செய்கிறேன்" என்று சொன்னால் மிச்சம் எங்கே என்று கேட்கலாம்.

கணவன் மனைவிச் சிக்கலுக்குத் தம்பதியர் சிகிச்சையில் பயின்றவரிடம் போங்கள். அடி உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் மட்டும் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் சிகிச்சை வேண்டாம். அறைக்குள் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். சின்னக் குழந்தைகளின் பிடிவாதத்துக்கும் அடங்காமைக்கும் பெற்றோருக்குப் பயிற்சி தருவதே முதன்மைச் சிகிச்சை. குழந்தையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே காத்திருக்கும் ஏற்பாடு என்றால் ஏனென்று கேளுங்கள்.

ஒருவருடைய அறிமுகப் பக்கத்தில் முப்பது பிரச்சினையும் பதினைந்து முறையும் வரிசையாகப் போட்டிருந்தால் அது திறமையைக் காட்டுவதில்லை, கட்டத்தில் எல்லாம் டிக் அடித்திருக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது.

பெயர்கள் எங்கே கிடைக்கும்

பொது மருத்துவரிடம் கேட்பது எளிய வழி. ஆனால் "யாராவது கவுன்சிலர் தெரியுமா" என்று கேட்காமல் "நீங்கள் அனுப்பிய நோயாளிகளில் பேனிக் அட்டாக்குக்கு யாரிடம் போனவர்கள் குணமாகித் திரும்பினார்கள்?" என்று கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மருத்துவரும் உளவியலாளரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். காத்திருப்பு நீளம், செலவு குறைவு. உளவியல் பட்டமேற்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பயிற்சி மையம் இருக்கும். மாணவர்கள்தான் சிகிச்சை தருவார்கள், மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு செஷனையும் மேற்பார்வை பார்ப்பார். கையில் பணம் குறைவு என்றால் இதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். மேற்பார்வையில் புத்தக முறைப்படி செய்யும் மாணவர், இருபது ஆண்டாகத் தன் போக்கில் பேசிக்கொண்டிருப்பவரைவிட மேலாக இருப்பதுண்டு.

தொழில்முறைச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், ஓசிடி போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கான அமைப்புகளின் பட்டியல், வேலை செய்யும் நிறுவனம் ஊழியர்களுக்குத் தரும் இலவசச் செஷன்கள், கல்லூரியின் ஆலோசனை மையம் ஆகியவையும் பார்க்கத் தக்கவை. நிறுவனம் தருவது பெரும்பாலும் சில செஷன்களோடு முடிந்துவிடும். அதன்பின் அதே ஆளிடம் தொடர முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இடம் மாறியவர்கள், புதியவர்களை எடுக்காதவர்கள் எல்லாம் கலந்திருப்பார்கள், அதனால் ஐந்து பெயர் வேண்டும் என்றால் பத்தாக எடுங்கள்.

மேப்பில் வரும் நட்சத்திர மதிப்பீடுகளுக்கு இந்தத் துறையில் எடை குறைவு. குணமானவர்களில் பலர் தங்கள் பெயரில் பாராட்டு எழுத விரும்புவதில்லை. கோபத்தில் ஒருவர் எழுதிய குற்றச்சாட்டுக்கு, இரகசியம் காக்க வேண்டியிருப்பதால் தெரபிஸ்டால் பதில் சொல்லவும் முடியாது. தோழி பார்க்கும் தெரபிஸ்டிடமே போகலாம் என்று நினைத்தால், நெருங்கிய இருவரை ஒருசேரப் பார்ப்பதைப் பலர் தவிர்ப்பார்கள். அந்தத் தெரபிஸ்டிடம் இன்னொரு பெயர் கேட்டு வாங்குவது நல்ல வழி, தொழிலில் உள்ளவருக்குத்தான் தொழிலில் யார் எப்படி என்று தெரியும்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். வாரம் ஒருமுறை மூன்று நான்கு மாதம் போக வேண்டிய இடம் இது. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் மூன்றாவது வாரமே போகாமல் இருக்கக் காரணமாகிவிடும். போகவர ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது. பக்கத்தில் தகுந்தவர் இல்லையென்றால் வீடியோ வழியாகப் பார்க்கலாம். பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு அதிலும் நல்ல பலன் கிடைக்கிறது. அப்போதும் அவர் நீங்கள் இருக்கும் இடத்தில் தொழில் செய்ய அனுமதி பெற்றவரா என்று பாருங்கள். நெருக்கடி வந்தால் நேரில் போக உள்ளூரில் ஒரு மருத்துவமனையையும் குறித்து வையுங்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் இல்லாதவருக்கு வீடியோ செஷன் சரிப்படாது.

முதல் செய்தி

ஐந்து பேருக்கு ஒரே செய்தியை அனுப்புங்கள். ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தால் மாதம் ஓடிவிடும். பதில் வராததை உங்களை ஒதுக்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு செஷனில் இருப்பவர்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். எனக்கு 34 வயது. ஆறு மாதமாகப் பேனிக் அட்டாக் வருகிறது, இதயப் பரிசோதனை சரியாக இருக்கிறது. சிபிடி முறையில் சிகிச்சை எடுக்க விரும்புகிறேன். வேலை நாள்களில் மாலை 5 மணிக்கு மேல் வர முடியும். புதிதாக ஆட்களைப் பார்க்கிறீர்களா? கட்டணம் எவ்வளவு? பத்து நிமிடம் போனில் பேச முடியுமா?"

முழுக்கதையையும் இதில் கொட்ட வேண்டாம். இடம் இல்லை என்று பதில் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: காத்திருப்போர் பட்டியலில் சேர்த்து, யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் கூப்பிட முடியுமா? இதே வேலையைச் செய்யும் வேறு யாரைச் சொல்வீர்கள்?

போனில் கேட்க வேண்டியவை

கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், பதற்றத்தில் மறந்துபோகும்.

- இதே பிரச்சினை உள்ளவர்களை அடிக்கடிப் பார்க்கிறீர்களா? 
- எந்த முறையில் சிகிச்சை செய்வீர்கள், ஒரு சாதாரண செஷனில் என்ன நடக்கும்?
- ஏறக்குறைய எத்தனை செஷன் ஆகும், முன்னேற்றத்தை எதை வைத்துப் பார்ப்பீர்கள்?
- எந்த மொழியில் பேசலாம்?
- இரண்டு செஷனுக்கு நடுவே நெருக்கடி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?
- கட்டணம், வராவிட்டால் பிடிக்கும் பணம், குறைந்த கட்டணத்துக்கு வழி உண்டா?

பதில் எத்தனை நீளம் என்பதைப் பார்க்காதீர்கள், எத்தனை தெளிவு என்று பாருங்கள். "முதல் இரண்டு செஷன் விசாரிப்பேன், பிறகு சேர்ந்து திட்டம் போடுவோம், ஆறாவதில் நின்று பார்ப்போம்" என்பது நல்ல பதில். "ஒவ்வொருவரும் வேறு, வந்து பாருங்கள்" என்பதில் பொய் இல்லை, உதவியும் இல்லை. "மூன்றே செஷனில் முழுக் குணம், உத்தரவாதம்" என்றால் போனை வைத்துவிடலாம். எண்ணிக்கையை உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லி, தோராயமாக ஒன்றைத் தருபவர் நேர்மையானவர்.

மொழிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் சரளமாகப் பேசும் மொழியில் அழுகையும் கோபமும் வராமல் போகலாம். வீட்டு மொழியில்தான் வரும் என்றால் அதில் பேசக்கூடியவரைத் தேட நாலு நாள் கூடுதலாகச் செலவிடலாம்.

பணக்கணக்கை ஒரு செஷனுக்கு என்று போடாமல் முழுச் சிகிச்சைக்கும் போடுங்கள். கட்டணத்தை 12ஆல் பெருக்கி, போக்குவரத்தையும் சேருங்கள். அது தாங்காது என்றால் ஆறாவது செஷனில் நிறுத்திவிட்டுத் தவிப்பதைவிட, தொடக்கத்திலேயே செலவு குறைந்த இடத்துக்குப் போவது மேல். மாதம் ஒருமுறை போய் மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை தொடக்கத்தில் பலிக்காது. அந்த இடைவெளியில் கற்றது கரைந்து, ஒவ்வொரு செஷனும் நடந்த கதையைச் சொல்வதிலேயே தீர்ந்துவிடும். முதல் இரண்டு மாதம் வாராவாரம், பிறகு இடைவெளி விடலாம். வராமல் போனால் முழுக் கட்டணம் பிடிப்பவர்கள் உண்டு. 24 மணி நேரமா 48 மணி நேரமா முன்னால் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் செஷன்

ஒரு செஷன் பொதுவாக 45 முதல் 50 நிமிடம், முதல் செஷன் சில இடங்களில் நீளும். அன்று பெரும்பாலும் கேள்விகளாகவே இருக்கும். மனப்பாரம் குறையவில்லையே என்று ஏமாற வேண்டாம், அது அன்றைய வேலை அல்ல. எழுதிய அரைப் பக்கத்தையும் மருந்துச் சீட்டையும் வினாத்தாள்களையும் கையில் கொடுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இரகசியம் பற்றிக் கேளுங்கள். சொன்னது வெளியே போகாது என்பது பொது விதி. உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்கு நடக்கும் கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகியவை வழக்கமான விதிவிலக்குகள். குறிப்புகளை எங்கே வைக்கிறார், வீட்டார் போன் செய்து கேட்டால் என்ன சொல்வார் என்றும் கேட்கலாம். பதின்வயதினருக்காகப் போகும் பெற்றோர், பிள்ளை சொல்வதில் எது தங்களிடம் வரும், எது வராது என்பதை மூவரும் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். பின்னால் பேசினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

நான்காவது செஷனில் நின்று பாருங்கள்

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதியது இன்றும் உதவும். தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவை அவர் மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒற்றுமை, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் ஒற்றுமை, இருவருக்கும் நடுவே நம்பிக்கை. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். நம்பிக்கை இருக்கிறது, அவரோடு பேசப் பிடிக்கிறது, ஆனால் எங்கே போகிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை என்ற நிலைதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. இனிமையாக இருப்பதால் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

பத்திரமாக வைத்த வினாத்தாளை மறுபடி நிரப்புங்கள். நான்கு செஷனில் பெரிய மாற்றம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. 6 முதல் 8 செஷன் ஆகியும் எண் அசையவே இல்லை, வாழ்க்கையில் ஒரு சின்ன வேலைகூடத் திரும்பவில்லை என்றால் பேச வேண்டிய நேரம். "ஆறு வாரமாகியும் எனக்கு மாற்றம் தெரியவில்லை. வேறு எப்படிச் செய்யலாம்?" என்று நேராகச் சொல்லுங்கள். நல்லவர் இதைக் குற்றச்சாட்டாக எடுக்க மாட்டார். திட்டத்தை மாற்றுவார், மருந்து தேவையா என்று பார்க்க அனுப்புவார், அல்லது வேறொருவரின் பெயரைத் தருவார். உங்களுக்கு மனமில்லை, அதனால்தான் குணமாகவில்லை என்று உங்கள் தலையில் கட்டுபவரை விட்டுவிடலாம்.

கஷ்டத்தையும் கெடுதலையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பயத்தை எதிர்கொள்ளும் சிகிச்சையில் அன்றைய மாலை மோசமாகவே போகும், ஆனால் ஏன் அப்படி என்று முன்பே விளக்கியிருப்பார்கள். வாரம் போகப் போக அது தணியவும் வேண்டும். ஒவ்வொரு செஷனுக்குப் பின்னும் சிறுமைப்பட்டது போலத் திரும்புவது வேறு.

மாறுவதென்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். இதுவரை செய்ததன் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கினால் அடுத்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்காது.

யோசிக்காமல் எழுந்து வரவேண்டியவையும் உண்டு. பாலியல் தொடுதலோ அந்த மாதிரிப் பேச்சோ எந்தச் சிகிச்சையிலும் கிடையாது, எந்த விளக்கமும் ஏற்கத்தக்கதல்ல. கடன் கேட்பது, தொழிலில் சேரச் சொல்வது, மற்ற நோயாளிகளின் கதையைப் பெயரோடு சொல்வது (நாளை உங்கள் கதையும் அப்படித்தான் போகும்), மருத்துவரிடம் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்வது, ஒருபால் ஈர்ப்பை "மாற்றித் தருகிறேன்" என்பது எல்லாம் அந்த வகை. பதிவு செய்த அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை மறப்பதற்குள் எழுதி வையுங்கள், வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களில்

நாள் கிடைத்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றால் சும்மா இருக்கத் தேவையில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு சின்ன வேலை எழுதி, மனம் இருக்கிறதோ இல்லையோ செய்யுங்கள். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் அது வராது, செய்த பிறகுதான் கொஞ்சம் வரும். மதுவைக் குறைத்தால் தூக்கமும் பதற்றமும் மேம்படும் (தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் மேலே சொன்ன எச்சரிக்கையை மறக்க வேண்டாம்). சிபிடி அடிப்படையிலான சுயவுதவிப் பாடங்களில் ஒன்றைத் தொடங்கலாம். நிலைமை மோசமானால் மூன்று வாரம் வரை தாங்கிக்கொண்டிருக்காதீர்கள், பொது மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ அன்றே போங்கள்.

வேறொருவருக்காகத் தேடுபவர்

வயது வந்த ஒருவருக்காக நீங்கள் தேடினால், பெயர்களைச் சேர்க்கலாம், போன் செய்யலாம், கூடப் போகலாம். தேர்வை அவரிடம் விடுங்கள். ஒரே பெயரைக் கொடுத்து "இவரைப் பார்" என்பதைவிட மூன்று பெயரை வைத்து "இதில் யார்?" என்று கேட்டால் மறுப்பு குறையும். வரவே மாட்டேன் என்று நின்றால் மனநோய் என்ற பேச்சை எடுக்காமல், அவரையே உறுத்தும் ஒன்றை, பெரும்பாலும் தூக்கத்தை, பிடித்துக்கொண்டு பொது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அங்கிருந்து அடுத்த படிக்கு மருத்துவரே அனுப்புவார். வேறெங்கோ போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால் பிறகு உண்மையைச் சொன்னாலும் வண்டியில் ஏற மாட்டார். அவர் வராத நாள்களிலும் நீங்கள் மட்டும் ஒரு செஷன் போகலாம். வீட்டில் எப்படிப் பேசுவது, எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்று கேட்டு வர அந்த 50 நிமிடம் போதும்.